சுரண்டி எடுத்த காந்தம்

என் மனைவி இயற்பியல் பேராசிரியர். காந்தத்தை ஆராய்கிறவள். காந்தம் என்றதும் பள்ளிக்கூடத்து லாடக் காந்தத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இவளுடையவை நானோ துகள்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே சில ஆயிரம் பேரைத் தோளோடு தோள் நிறுத்திவிடலாம், அவ்வளவு பொடிசு. கல்யாணமான புதிதில் அவள் மாலையில் வந்து வாசலில் நின்றாலே போதும், என் இடுப்புப் பட்டையின் கொக்கி என்னை நாற்காலியோடு இழுத்துக்கொண்டு போய் அவளிடம் சேர்த்துவிடும். பிரித்தெடுக்க எதிர்வீட்டுக்காரர் துடைப்பத்தோடு வருவார். அக்கம்பக்கத்தில் இதை வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். நானும் மறுக்கப் போகவில்லை.

"சும்மா இருங்க. அந்தப் பொடி மொத்தமும் சேர்ந்தாலும் ஒரு குண்டூசிய அசைக்காது" என்பாள் அவள்.

அவளுக்கு எதையும் அளந்து பார்க்க வேண்டும். எனக்கு அளந்துவிட மட்டும்தான் தெரியும். இப்படி இரண்டு பேர் எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேட்பீர்கள். நான் கடிகாரம் பழுது பார்ப்பவன். அவளுடைய கைக்கடிகாரம் வாராவாரம் தலைதெறிக்க ஓடும். உள்ளே இருக்கும் மெல்லிய சுருளில் காந்தம் ஏறியிருக்கும்; நான் இறக்கிக் கொடுப்பேன். அடுத்த வாரம் மறுபடி வந்து நிற்பாள். காந்தம் படித்தவளுக்கு ஆய்வுக்கூடத்துக்குள் போகும்போது கடிகாரத்தைக் கழற்றிவைக்கத் தெரியாதா? தெரியும். நானும் அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அவளோடு படித்தவர்கள் எல்லாம் எங்கெங்கோ மேலே போய்விட்டார்கள். அதில் ஒருவர் மீசை. அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் மீசைதான் முதலில் அறைக்குள் நுழையும், அவர் பின்னால் வந்து சேருவார். அவர் பெரிய ஆய்வு நிலையம் ஒன்றுக்கு இயக்குநர் ஆனார். இவள் அதே பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில், குழாய் ஒழுகுகிற மூலையிலிருந்து தள்ளிவைத்த உலைக்குப் பக்கத்தில், துகள் செய்தாள், அளந்தாள், எழுதினாள். அவள் கட்டுரைகளைப் படித்தவர்கள் எல்லோரையும் ஒரே லிஃப்டில் ஏற்றிவிடலாம். கொஞ்சம் நெருக்கி நிற்க வேண்டியிருக்கும்.

ஓய்வுக்குச் சில மாதங்கள் இருந்தபோதுதான் அந்த வெள்ளைப் பொடி வந்தது. துத்தநாக ஆக்சைடு. வெயிலுக்குப் பூசுகிற களிம்பில் இருக்குமே, அதுதான். காந்தம் வந்தால் அது திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது. இவள் அதை நானோ துகளாக்கி, உலையில் சுட்டு, அளக்கும் இயந்திரத்தில் வைத்தபோது அது காந்தத்துக்கு மசிந்தது. அதுவும் சாதாரண அறை வெப்பத்தில். இரும்பு கலந்திருக்கிறதா என்று சோதனைக்கு அனுப்பினாள்; இல்லை என்று பதில் வந்தது.

அன்றைக்கு விரித்த குடையோடு வீட்டுக் கூடத்துக்குள்ளேயே வந்து நின்றாள்.

"இந்த ஒண்ணு எனக்குன்னு வந்திருக்குங்க."

அவள் எதையும் 'எனக்கு' என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. குடையை வாங்கி மடக்கினேன். மடக்க ரொம்ப நேரம் பிடித்தது. கண்ணில் மழைத்துளி விழுந்துவிட்டது, வீட்டுக்குள்தான்.

பேர்பெற்ற இதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது. பெரிய மாநாட்டில் தொடக்க உரைக்கும் கூப்பிட்டார்கள். பிறகு மீசையிடமிருந்து போன் வந்தது.

"வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டேன்பா. எங்க பசங்களும் உன் செய்முறைய அப்படியே செஞ்சு பாத்தாங்க. பொடி சும்மா கெடக்குதே?"

"உங்க பசங்களுக்குப் பொறுமை பத்தல" என்று வைத்துவிட்டாள்.

ஆனால் அவளுடைய சொந்த ஆய்வு மாணவி செய்த பொடியும் சும்மாதான் கிடந்தது. அந்தப் பெண்ணுக்குத் துறையில் தூங்குமூஞ்சி என்று பெயர். இயந்திரம் அளந்து முடிப்பதற்குள் நின்றபடியே ஒரு தூக்கம் போட்டுவிடுவாள்.

அந்த ஆய்வுக்கூடத்துச் சுவர்க் கடிகாரத்துக்கும் எனக்கும் ஜென்மப் பகை. நான் அதைச் சரிசெய்ய ஏணியில் ஏறியிருந்த ஒரு நாளில்தான் அது நடந்தது. தூங்குமூஞ்சி பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து, இரண்டு தட்டுத் தட்டி, விழுந்த பொடியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"ஏம்மா, பாதிய கிண்ணத்துலேயே விட்டுட்டுப் போற?"

"விழுந்தது போதும் மேடம். ஒட்டிக்கிட்டு இருக்கறதோட யாரு மல்லுக்கட்டுறது?"

"சோம்பேறி! குடு இங்க. எப்படி எடுக்கணும்னு பாரு."

என் மனைவி எஃகுக் கரண்டியை எடுத்து அடியோடு சுரண்டத் தொடங்கினாள். கர்க், கர்க் என்ற சத்தத்தில் ஏணி மேலே எனக்குப் பல் கூசியது. சட்டென்று சத்தம் நின்றது. கரண்டியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் சரிந்து தேய்ந்திருந்தது.

"பீங்கான் எஃகவிடக் கெட்டி" என்றாள் மெதுவாக. "தேஞ்சதெல்லாம் எங்க போச்சு?"

தூங்குமூஞ்சி முழுதாகக் கண் விழித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஒரே உலையில் ஒரே பொடியைச் சுட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பங்கைத் தட்டி எடுத்தார்கள். இன்னொன்றைத் தூங்குமூஞ்சி, மேடம் சுரண்டுவது போலவே, அக்கறையாகச் சுரண்டினாள். தட்டிய பொடி செத்துக் கிடந்தது. சுரண்டிய பொடி காந்தமாக இருந்தது. இரும்புச் சோதனையின் கண்ணுக்குத் தப்பிவிடும் அளவு எஃகுத் தூசி, காந்தத்தை அளக்கிற இயந்திரத்தின் கண்ணுக்குத் தப்பவில்லை. அவள் ஆசையாகச் சுரண்டச் சுரண்டக் காந்தம் கூடியிருக்கிறது.

வீட்டில் அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கட்டுரை இன்னும் அச்சாகவில்லை. திரும்பப் பெற நேரம் இருந்தது. ஆனால் பெற்றுவிட்டால் அவளுக்கென்று வந்த அந்த ஒன்றும் போய்விடும். திரும்ப ஒன்றைத் தேடக் காலமும் இல்லை.

"விட்டுடேன். கரண்டிக்கும் நம்ம மூணு பேருக்கும்தான் தெரியும். கரண்டி வாயத் திறக்காது" என்றேன்.

"நீங்க விடுற கதைய நம்பி யாரும் உலை வாங்க மாட்டாங்க" என்றாள். கோபம் இல்லை, களைப்புத்தான். "என் கட்டுரைய நம்பி எங்கயாவது ஒருத்தி வருஷக்கணக்கா சுரண்டிக்கிட்டு இருப்பா. வரலையேன்னு தன்னையே திட்டிக்குவா."

  கணினியை அவள் பக்கம் நகர்த்திவைத்தேன். இதழுக்குக் கடிதம் எழுதினாள், அழித்தாள், எழுதினாள். அனுப்பும்போது என் விரலையும் பிடித்து அந்தப் பொத்தானில் வைத்துக்கொண்டாள். பிறகு மீசைக்கு அவளே போன் போட்டாள்.

"நீ சொன்னதுதான் சரி. எஃகுக் கரண்டி. உங்க லேப்ல எதுல எடுத்தாங்க?"

"பிளாஸ்டிக்ல. எஃகுக் கரண்டியெல்லாம் போன வருஷம் எவனோ சுட்டுட்டுப் போயிட்டான்பா." பிறகு குரல் இறங்கியது. "இவ்வளவு சீக்கிரம் நீயே கண்டுபிடிப்பேன்னு நான் நினைக்கல."

மாநாட்டுக்காரர்களிடம் தொடக்க உரையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். அவர்கள், இருப்பதைப் பேசுங்கள் என்றார்கள். போனோம். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் முதலில் அழகான வரைபடம் வந்தது; சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. அடுத்து, கரண்டியின் தேய்ந்த முனை சுவர் உயரத்துக்கு வந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னாள். முடித்தபோது கைதட்டல் இல்லை. அவ்வளவு பெரிய கூடத்தில் எல்லோரும் எஃகுக் கரண்டி பிடித்துப் பழகிய தங்கள் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மீசை எழுந்தார். 

"எங்க பழைய கட்டுரைங்க சிலதுல எஃகுக் கரண்டி இருக்கு. எங்கேருந்து ஆரம்பிச்சுத் திரும்பப் பாக்கறது? சொல்லு" என்றார்.

சொன்னாள். அதற்கப்புறம் கேள்வி நிற்கவில்லை. எந்தக் கிண்ணம், எவ்வளவு அழுத்தம், இடுக்கியால் எடுத்தால் எப்படி. ஒவ்வொன்றுக்கும் கைகளை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னாள். கூந்தல் அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை. சாப்பாட்டு நேரம் போனது. அமர்வுத் தலைவர் மணி அடித்தார்; அது அவர் காதிலேயே விழவில்லை. அந்த வெள்ளைப் பொடி உண்மையாகவே காந்தமாக இருந்திருந்தால்கூட அவள் முகம் அப்படி இருந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கையைத் தூக்கினேன். ஒலிவாங்கி என்னிடம் வந்தது.

"மேடம், வீட்டுக்கு எப்போ வருவீங்க? உங்க வீட்டுக்காரர் பசியோட காத்துக்கிட்டு இருக்கறதாக் கேள்வி."

கூடம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைசி வரிசையைக் கூர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பெரியவர் யாருன்னு எனக்குத் தெரியல" என்றாள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல். "அடுத்த கேள்வி."