ஒன்றை அமுக்கவும்

கோவர்த்தனன் இரண்டாவது வாய் களியை விழுங்கும்போது போன் அடித்தது. ஊட்டிக்கொண்டிருந்த மனைவி சுந்தரியின் வலது கை முழுக்கக் களி. இடது கையால் எடுத்து ஸ்பீக்கரைத் தட்டினாள். அவனுக்கு வரும் போனையெல்லாம் அவள்தான் எடுப்பாள். முழங்கைக்கு மேலேயே இரண்டு கைகளும் போய்விட்ட ஆள் வேறென்ன செய்வான்?

பதிவுசெய்த பெண்குரல் ஒன்று தெலுங்கில் நமஸ்காரம் சொன்னது. முடிந்துபோன சட்டசபைக் கூட்டத்தைப் பற்றி ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கிறார்களாம். சபை நன்றாக வேலை செய்தது என்றால் ஒன்று, இல்லையென்றால் இரண்டு.

கோவர்த்தனன் சுவரிலிருந்து நிமிர்ந்தான். அவன் அப்படி நிமிர்ந்து வெகுநாளாயிற்று.

"ரெண்டு அமுத்து," என்றான்.

ஆந்திர எல்லைக்குள் இருக்கும் பாலசமுத்திரத்தில் அவர்கள் வீட்டு வாசலை ஒட்டியே கரும்புத் தோட்டம். அதன் வரப்புக்கு மேல், ஆள் தலைக்கு ஒரு முழம் உயரத்தில், மின்கம்பி தொங்குகிறது. மூன்று வருஷத்துக்கு முன்பு கரும்புக் கட்டைத் தூக்கும்போது அதில் பட்டான். வேலூரில் கைகளை எடுத்தார்கள். கம்பியை யாரும் எடுக்கவில்லை. பார்க்க வந்த எம்.எல்.ஏ. பழக்கதோஷத்தில் கைகொடுக்கக் கையை நீட்டி, பிறகு தோளைத் தட்டி, கம்பியைப் பற்றிச் சபையிலேயே கேட்பதாகச் சொல்லிப் போனார். அதிலிருந்து சபை கூடுகிற நாளெல்லாம் கோவர்த்தனன் டிவி முன்னால்தான். சபாநாயகருக்கு அடுத்தபடி சபைக்கு லீவு போடாத ஆள் இவன்தான் என்று ஊரே சிரித்தது. அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சுந்தரி தோட்டத்தில் இறங்கும்போதெல்லாம் வாசலிலிருந்து "குனி" என்று கத்துவான்.

இந்தத் தடவை அவன் கேள்வி பட்டியலில் வந்தேவிட்டது. அதன் எண்ணைச் சபாநாயகர் வாசித்தபோது எம்.எல்.ஏ.வின் இருக்கை காலி. பலமனேரில் யாருக்கோ கல்யாணம். பதில் மேசைமேல் வைக்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார்கள். என்ன பதில் என்று கோவர்த்தனனுக்கு இன்றுவரை தெரியாது. கடைசி நாளன்று, எல்லாக் கேள்விகளும் முடிக்கப்பட்டன, சபை நூற்றுக்கு நூற்றுப்பத்து வேலை செய்திருக்கிறது என்று அறிவித்தார்கள். உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். தட்ட எல்லோருக்கும் கை இருந்தது.

"இன்னாத்துக்கு வம்பு?" என்றாள் சுந்தரி. "புத்தலப்பட்டுல ரெண்டு அமுத்தனவங்களுக்கு பென்ஷன் நின்னுபோச்சாம். கங்கம்மா சொன்னா."

பக்கத்து வீட்டுக் கங்கம்மா சொல்வதில் பாதி புளுகு என்று அவளுக்கும் தெரியும். ஆனால் கைரேகை வைக்கக் கையில்லாத ஆளுக்குப் பென்ஷன் வாங்கப் பதினாலு மாதம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவள் அவள். அந்தப் பயம் அவளுக்குத்தான் தெரியும்.

"அந்தக் கம்பிக்குக் கீழதானே தெனம் போய்க்கினு வர்ற? எவனும் என்னெ கேட்டதில்ல. இப்பதான் கேக்கறான். ரெண்டு அமுத்து சுந்தரி."

போன் மறுபடி கேட்டது. அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு கட்டைவிரலால் அமுக்கினாள்.

"ஆச்சு. ரெண்டுதான்."

அமுக்கியதைப் போன் திருப்பிச் சொல்லும் என்று அவளுக்குத் தெரியாது.

"மீரு ஒகட்டி நொக்காரு. தன்யவாதாலு," என்றது குரல். நீங்கள் ஒன்றை அமுக்கினீர்கள், நன்றி.

சுந்தரி போனை அணைத்து மாடத்தில் வைத்தாள். பிறகு வந்து உட்கார்ந்து, களியை உருட்டித் துவையலில் தொட்டு நீட்டினாள். அவன் வாயைத் திறக்கவில்லை.

"துன்னு."

"கை மட்டும்தான் போச்சுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்," என்றான்.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. "பென்ஷன் நின்னா உன் சபை வந்து ஊட்டுமா?" என்றாள். உருண்டையைத் தட்டிலேயே போட்டாள். தட்டை அவன் முன்னால் தள்ளிவைத்தாள், கையுள்ள ஆளுக்கு வைப்பதுபோல. வைத்தபிறகுதான் செய்தது உறைத்தது. ஆனாலும் எடுக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, கொடுவாளோடு வாசலைத் தாண்டினாள்.

வரப்பில் வேகமாகத்தான் போனாள். கம்பிக்கு நாலடி முன்னால் அவள் கால் தானாக நின்றது. கொடுவாளைத் தோளில் சாய்த்தபடி, திரும்பிப் பார்க்காமல், வாசலிலிருந்து வர வேண்டிய குரலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

கோவர்த்தனன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் மூடியேயிருந்தது. தட்டில் ஈ உட்கார்ந்தது.