இரண்டு நிமிட உதாரணம்

மத்தியானம் வானொலி நிலையத்திலிருந்து போன் வந்ததிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. நாளைக் காலை பத்தரைக்கு ஒலிபரப்புவதாக இருந்த என் பேச்சை இன்று மாலைக் கச்சேரிக்கு நடுவில் மாற்றிவிட்டார்களாம். பத்தரைக்கு என் மாமனார் ஒரு குட்டித் தூக்கத்தில் இருப்பார். மாலையில் அவரை வானொலி முன்னாலிருந்து யாராலும் கிளப்ப முடியாது.

எல்லாம் நானே தேடிக்கொண்ட வினை. நூலகத்தில் வேலை பார்க்கிறவள் நன்றாக எழுதுவாள் என்று நம்பி, வேலைக்குப் போகும் பெண்களையும் வீட்டுப் பெரியவர்களையும் பற்றிப் பத்து நிமிடம் பேசக் கூப்பிட்டார்கள். எழுதிக்கொண்டு போனதை எட்டே நிமிடத்தில் வாசித்துத் தீர்த்துவிட்டேன். "இன்னும் ரெண்டு நிமிஷம் வேணுங்க. தெரிஞ்சவங்க யாரையாவது உதாரணம் சொல்லுங்களேன்" என்றார் பதிவு செய்தவர். என் நாக்கில் சனி. "எனக்குத் தெரிந்த ஒரு பெண்" என்று ஆரம்பித்துவிட்டேன். அவளுடைய மாமனார் ஒருநாள் வழி தெரியாமல் அலைந்தார். அதிலிருந்து அவரை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் ஓசைப்படாமல் திறந்துவிடுகிறாள். அவருக்கு அது தெரியவே தெரியாது. அந்தப் பெண் நான்தான். என் கணவரிடம்கூட இதைச் சொன்னதில்லை.

"மாமா, கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வரலாமா?" என்றேன், வீட்டுக்கு வந்ததும்.

"கச்சேரிய விட்டுட்டா? நல்லா கேட்ட போ!"

ஆறு மணிக்கு அறிவிப்பாளர் அன்றைய நிகழ்ச்சிகளை வாசித்தபோது என் பெயரும் வந்தது. பணிமனையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த கணவர் கைகூடக் கழுவாமல் ஓடிவந்தார். "அடிப்பாவி, சொல்லவே இல்லையே!" வாய்ப்பாட்டு முக்கால் மணி நேரம். இந்த மின்சாரம் ஒருநாளாவது சமயத்தில் போகக்கூடாதா என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை.

போகவில்லை. என் குரல் வந்தது. எட்டு நிமிடமும் கணவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். உதாரணம் வந்தது. மாமனார் வானொலியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"யாரு அந்த மகராசி? சரியான நெஞ்சழுத்தக்காரி!" என்று சிரித்தார் கணவர்.

"நல்லாப் பேசினம்மா" என்றார் மாமனார். "ஒண்ணு மட்டும் தப்பு. அந்தப் பெரியவருக்குத் தெரியாதுன்னு சொன்னியே, அவருக்குத் தெரியும். மொத நாளே கதவ இழுத்துப் பாத்திருப்பாரு இல்ல? கேட்டா அந்தப் பொண்ணு கூனிக் குறுகிப் போயிடுவாளேன்னு பேசாம இருந்திருப்பாரு."

"அது எப்படிப்பா உங்களுக்குத் தெரியும்?" என்றார் கணவர்.

வயலின் ஆரம்பித்திருந்தது. மாமனார் கையை நீட்டிச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, கண்ணை மூடித் தொடையில் தாளம் போடத் தொடங்கினார். கணவரின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மறைந்தது. அவர் வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.