பிணம் எழுந்த காட்சி

விடிவதற்குள் மாப்பிள்ளை படப்பிடிப்புத் தளத்தின் விளக்குப் பரணில் ஏறிவிட்டார். தோளில் பெரிய விளக்கு, பல்லில் கடித்த கயிறு. கீழே நாங்கள் நாலு பேர் மூச்சிரைக்கக் கேபிளைத் தூக்கிக் கொடுத்தோம். பழங்காலத்துத் துப்பறியும் தொடர் அது. மாளிகைக் கூடத்தில் நிலா அடிக்க வேண்டும். அந்த நிலாவைச் சுமப்பவனுக்கு இடுப்பு விட்டுப்போகும்.

நான் இந்த வாரப் பிணம். விஷம் குடித்தும், குத்துப்பட்டும், கிணற்றில் மிதந்தும்தான் பிழைப்பு ஓடுகிறது. சும்மா படுத்திருப்பது ஒன்றுதான் எனக்கு நன்றாக வருகிறது என்பாள் தங்கை. அவள் புருஷன்தான் மேலே இருந்தவர்.

"மச்சான், செத்த பிறகு குறட்டை விடாதீங்க. போன தடவை மைக்ல கேட்டுச்சு!"

எல்லோரும் சிரித்தோம். சிரிப்புக்குள்ளேயே அவர் நின்ற பரண் பலகை முறிந்தது. உளுத்துப்போச்சு, மாத்துங்க என்று அவர் முதலாளியிடம் கெஞ்சிய அதே பலகை.

கம்பளத்தில் கால் மடங்கிக் கிடந்தார். அப்படி ஒரு கோணலாக நான் ஒருநாளும் படுத்ததில்லை. "எந்திரிங்க மாப்ளே" என்றேன். வண்டியில் ஏற்றும்போதே உயிர் இல்லை.

முதலாளி வந்தார். "யார் கேட்டாலும், அவன் வர்ற வழியில லாரி மோதிடுச்சுன்னு சொல்லுங்க. இங்க ஒண்ணும் நடக்கல. புரியுதா? அந்தப் பலகையை எரிச்சிடுங்க."

"அப்போ இந்த ரத்தம்?" என்றார் மேக்கப் அக்கா.

"கொலைக் காட்சிதானே? தொடைக்காதீங்க, நல்லாத்தான் இருக்கு. நீ வந்து படுப்பா. ஒரே ஷாட், முடிச்சிட்டுப் போயிடு."

படு என்றால் படுக்கிற உடம்பு. படுத்துவிட்டேன். நான் மாட்டியிருந்த கோட்டுத் துணியை நனைத்து ஈரம் முதுகில் இறங்கியது. இன்னும் ஆறவில்லை.

"கட்! பொணம் மூச்சு விடுது!"

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் நெஞ்சு ஏறி இறங்கியது. எத்தனையோ முறை செத்தவன், அன்றைக்குச் சாக முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"உன்னை விட்டா செத்துக் கெடக்க ஆளா இல்ல?" என்றார் முதலாளி.

"கூப்பிடுங்க சார். யார் இதுல வந்து படுக்குறாங்கன்னு பாக்கலாம்."

துணை நடிகர்கள் யாரும் அசையவில்லை. அக்கா பிரஷ்ஷைக் கீழே போட்டார். பரணில் இருந்தவர்கள் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு இறங்கினார்கள். முறிந்த பலகையைத் தூக்கி நடுக்கூடத்தில் வைத்து, போலீசுக்குப் போன் செய்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்தோம்.

போலீசுக்கு முன்னால் தங்கை வந்துவிட்டாள். முதலாளி வாசலிலேயே மறித்தார்.

"ரோட்டுலதாம்மா, லாரி..."

அவள் அவரைத் தாண்டி என்னிடம் வந்தாள். கோட்டின் முதுகைத் தொட்டாள். விரலைப் பார்த்தாள்.

"அவரு எங்க விழுந்தாரு, அண்ணா?"



"இங்கதாம்மா" என்றார் அக்கா.

"இங்கதான்" என்றார் விளக்குக்காரர் ஒருவர். பிறகு இன்னொருவர். முதலாளியின் கார் டிரைவரும் சொன்னார், அவர் முகத்துக்கு நேரே.

தங்கை அண்ணாந்து பரணைப் பார்த்தாள். பிறகு பலகையருகே உட்கார்ந்தாள். நகர்ந்து இடம் கொடுத்தோம்.