முன்மாதிரித் தீ

எங்கள் தெருவில் என் கணவருக்குப் பெயர் ‘செக்‌ஷன் சார்’. அது அவருக்குத் தெரியாது என்று தெருவே நினைத்துக்கொண்டிருக்கிறது. அவருக்குத் தெரியும். மரியாதைக்காக வைத்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நில அளவை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் பிறத்தியார் நிலத்தை அளந்தவர். ஓய்வு பெற்ற பிறகு அளப்பதற்கு ஒன்றுமில்லாமல் எட்டு மாதம் வீட்டுக்குள் தவித்தார். காபிப்பொடிக் கரண்டியை நான் தலைதட்டிப் போடுகிறேனா, குவித்துப் போடுகிறேனா என்று பார்க்க ஆரம்பித்த சமயத்தில், நல்லவேளையாகக் குடியிருப்போர் சங்கத்துக்குத் தேர்தல் வந்தது. வேறு யாரும் நிற்கவில்லை. செயலாளர் ஆனார்.

அடுத்த மாதமே, மூன்றாவது வீட்டு மெக்கானிக் தன் கொல்லையில் சருகைக் கொளுத்திவிட்டு, போன் வந்ததென்று உள்ளே போனார். திரும்பி வருவதற்குள் வேலிப்பலகை ஒன்று கருகிவிட்டது. ஒரே ஒரு பலகை. அந்தப் பலகையிலிருந்து பிறந்ததுதான் ‘தனியார் மனைகளில் திறந்தவெளி எரிப்பு விதிகள்’. நான்கு பக்கம், பதினான்கு விதிகள். எங்கள் ஊரில் இதையெல்லாம் அந்தந்தச் சங்கமே எழுதிக்கொள்ளலாம், தீயணைப்பு நிலையம் பார்த்து ஒப்புதல் கொடுத்தால் போதும். ஒற்றை விரலால் ஒன்பது நாள் தட்டச்சு செய்தார்.

குவியல் நாலடி அகலம், மூன்றடி உயரத்துக்கு மேல் போகக்கூடாது. சுவரிலிருந்தும் வேலியிலிருந்தும் இருபத்தைந்தடி தள்ளி இருக்க வேண்டும். காலை ஒன்பதிலிருந்து மதியம் மூன்று வரைதான். பொறுப்பாளர் என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். சாம்பல் ஆறும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது. இதெல்லாம் தப்பில்லை. தீ விளையாட்டுச் சாமான் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் விதிகள் நிறைவேறிய மறுநாள் அவர் டேப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் அளந்தார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. தெருவில் இருக்கும் பத்தொன்பது மனைகளில் நான்கு பக்கமும் இருபத்தைந்தடி விட்டுத் தீ மூட்ட இடமுள்ள மனை ஒன்றே ஒன்று. மூலையில் இருக்கும் எங்களுடையது.

மெக்கானிக் வீட்டில் இரண்டடி குறைந்தது.

“ரெண்டடிதானே சார்.”

“ரெண்டடி ரெண்டடிதான்.”

“சரி சார், நான் ரெண்டடி தள்ளிப் போய்ப் பொறந்திருக்கணும்.”

இவர் அதையும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு வந்து, சாப்பிடும்போது என்னிடம் சொன்னார். “அவனே ஒத்துக்கிட்டான்.”

இந்த மனிதரோடு இருபத்தேழு வருடம் இருந்திருக்கிறேன். பொறுமைசாலி என்று என் பக்கத்து உறவுகள் என்னைச் சொல்வார்கள். பொறுமை என்று அவர்கள் சொன்னது பாதிக்கு மேல் சோம்பல்தான். ஒரு மனிதரை எதிர்த்துப் பேச எழுந்து நிற்க வேண்டும்; எனக்கு உட்கார்ந்திருப்பது சுலபமாக இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே மனதுக்குள் அவரைக் கேலி செய்துகொள்வேன். அதுவே பெரிய விடுதலை என்று நினைத்துக்கொள்வேன்.

விதிகள் வந்த பிறகு யாரும் எதையும் கொளுத்தவில்லை. சருகை மூட்டை கட்டிக் குப்பை லாரிக்காகக் காத்திருந்தார்கள். இதை அவரால் தாங்க முடியவில்லை. யாருமே எரிக்காவிட்டால் விதிக்கு என்ன வேலை? அதனால் எங்கள் தோட்டத்தில் ‘முன்மாதிரி எரிப்பு’ ஒன்று நடத்துவதென்று முடிவு செய்தார். புதன்கிழமை காலை ஒன்பது மணி. தீயணைப்பு நிலைய அதிகாரியை நேரில் போய் அழைத்துவிட்டு வந்தார். வாசல் மரத்தின் கிளைகளை வெட்டி நாலடிக்கு மூன்றடியாக அடுக்கி, அதன் நான்கு மூலையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டினார்.

திங்கட்கிழமை சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். அவளுக்கு வயிற்றில் கட்டி. அடுத்த மாதம் என்று சொல்லியிருந்த ஆபரேஷனை வியாழக்கிழமை காலைக்கு மாற்றிவிட்டார்களாம்.

“நாளான்னைக்கு ஆறு மணிக்குள்ள கூட இருக்கிற ஆள் வந்து கையெழுத்துப் போடணுமாம்டி. இல்லன்னா வேற ஆளை உள்ள எடுத்துடுவாங்களாம். எனக்கு மறுபடியும் எப்பன்னு தெரியாது.”

அத்தான் போய் ஆறு வருடம் ஆகிறது. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. கூட இருக்கிற ஆள் என்றால் நான்தான். பஸ்ஸில் நான்கு மணி நேரம். மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு பஸ் உண்டு. அதை விட்டால் நாலரைக்கு. அது பிரயோஜனமில்லை.

அவரிடம் சொன்னேன். சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

“புதன்கிழமையா?”

“புதன்கிழமைதான்.”

“ஒன்பதுக்குப் பத்த வெச்சா பதினோரு மணிக்குச் சாம்பல். பன்னெண்டரைக்கு நீ பஸ் ஸ்டாண்டுல இருக்கலாம். போயிட்டு வா.”

எனக்கு நன்றியாக இருந்தது. இதை எழுதவே கூசுகிறது, ஆனால் நன்றியாகத்தான் இருந்தது. என் பயணத்துக்கும் அவர் கொளுத்தப்போகும் குப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அன்று ராத்திரி நல்ல மழை. செவ்வாய்க்கிழமை காலையில் நான் போய்க் குவியலுக்குள் கையைவிட்டுப் பார்த்தேன். மேல் இலை காய்ந்திருந்தது. அடியில் சொதசொதவென்று இருந்தது.

“ஏங்க, அடியில ஈரம். நாளைக்கு எரியாது. அதிகாரியை வேற நாள் வரச் சொல்லுங்க.”

“ரூல் ஏழு என்ன சொல்லுது? வெட்டிப் பதினஞ்சு நாள் ஆயிருக்கணும். நாளையோட பதினெட்டு.”

“மழைக்கு உங்க ரூல் தெரியுமா?”

“மழையைப் பத்தி ரூல்ல ஒண்ணும் இல்ல” என்றார். அதனால் மழையும் இல்லை.

புதன்கிழமை காலை தெரு முழுவதும் வந்துவிட்டது. மரியாதைக்கு வந்தவர்கள் பாதி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பாதி. அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் மணல் வாளி, மறுபக்கம் தண்ணீர்க் குழாய் என்று எல்லாவற்றையும் காட்டி விளக்கினார். அதிகாரி இன்னும் வரவில்லை. ஒன்பது அடித்ததும் தீக்குச்சியைக் கிழித்தார்.

மேல் சருகு மளமளவென்று பற்றியது. அவரே கை தட்டினார். நான்கைந்து நிமிடம் தீ எரிந்தது. அப்புறம் புகை. வெள்ளையாக, தடியாக, தரையோடு தவழ்ந்து எல்லார் வீட்டுக்குள்ளும் போனது. பத்து மணிக்கும் புகை. பதினொன்றுக்கும் புகை.

எதிர்வீட்டு டீச்சர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, “கொசு எல்லாம் போயிடும் சார். கூடவே நாங்களும் போயிடுவோம்” என்றாள்.

“சார், ரெண்டு சொட்டு டீசல் விட்டா—” என்றார் மெக்கானிக்.

“ரூல் ஒன்பது!”

“அப்ப ஊதுங்க சார். ஊதக்கூடாதுன்னு ரூல் இருக்கா?”

செயலாளர் குனிந்து ஊதினார். நிமிர்ந்தபோது புருவத்தில் சாம்பல்.

பதினொன்றரைக்குத்தான் அதிகாரி வந்தார். கனத்த உடம்பு, சிவந்த கண்கள். நகத்துக்குள் கரி. முந்தின ராத்திரி எங்கோ ஒரு பஞ்சுக் கிடங்கு பற்றிக்கொண்டதாம், விடியும்வரை அங்கே இருந்தாராம். எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு கொட்டாவி விட்டார். இவர் விதிப்புத்தகத்தை விரித்து அவர் முன்னால் ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். அவர் ஐந்தாவது விதிக்குள் கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைக்கிறேன். நான் கொடுத்த காபி கிளாஸை மட்டும் விடாமல் பிடித்திருந்தார்.

பன்னிரண்டேகால். நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

“எங்க கிளம்பிட்ட?”

“பஸ்ஸுக்கு.”

“இன்னும் அணையலயே.”

“நீங்கதான் இருக்கீங்களே.”

அவர் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார். “அனுமதிப் பாரத்துல பொறுப்பாளர் நீ.”

எனக்குப் புரியவில்லை.

“அனுமதி கொடுக்கிறவன் நான். கொடுக்கிறவனும் வாங்குறவனும் ஒரே ஆளா இருக்கக்கூடாது. ரூல் மூணு. அதான் உன் பேர்ல போட்டேன்.”

“நான் கையெழுத்தே போடலயே.”

“அதெல்லாம் போட்டாச்சு” என்றார். பால் பாக்கெட் வாங்கியாச்சு என்பது போல.

படியிலிருந்த அதிகாரி கண்ணைத் திறந்தார். “என்னம்மா, பையும் கையுமா? பொறுப்பாளர்னு உங்க பேர்தானே இருக்கு?”

“எங்க அக்காவுக்கு நாளைக்கு ஆபரேஷன். ஒரு மணிக்கு பஸ். வேற ஆளை மாத்தி எழுதிக்கலாமா?”

“எழுதலாமே” என்று அவர் பாரத்தைத் தேடினார்.

“முடியாது” என்றது என் கணவரின் குரல். யோசிக்காமல் வந்துவிட்டது, பழக்கதோஷம். “ஆள் மாத்தறதுன்னா ஒரு நாள் முன்னாடி விண்ணப்பம் கொடுக்கணும். ரூல் பன்னெண்டு.”

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். தான் பூட்டிய பூட்டுக்குள் தானே நிற்கிற மனிதரைப் பார்க்க இலவசமாகக் கிடைத்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்.

அதிகாரி பாரத்தை என் பக்கம் நீட்டினார். “இது உங்க கையெழுத்துதானேம்மா?” வழக்கமாகக் கேட்கும் கேள்வி. பதில் வருவதற்கு முன்பே அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனார்.

நான் பார்த்தேன். என் பெயர். கடைசி எழுத்தின் வால் மேலே வளைந்து ஒரு சின்னக் கொக்கியாக முடிந்திருந்தது. கல்யாணமான புதிதில் அப்படித்தான் போடுவேன். அப்புறம் விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. நடுங்காமல், தயங்காமல் போட்ட கையெழுத்து அது. முதல் தடவை போட்ட கை இப்படிப் போடாது. வேறு எந்தெந்தக் காகிதங்களில் நான் இருக்கிறேன், எதற்கெல்லாம் சம்மதித்திருக்கிறேன் என்று அந்தப் புகைக்கு நடுவில் நின்று யோசித்தேன். கோபம்கூட உடனே வரவில்லை. வெட்கம்தான் முதலில் வந்தது. இத்தனை வருடம் நான் மௌனமாக இருந்ததை ஒரு கம்பீரம் என்று நினைத்திருந்தேன். அது இவருக்கு வெற்றுக் காகிதமாக இருந்திருக்கிறது.

“ஆமான்னு சொல்லு” என்று காதருகே சொன்னார். “ஒரு வார்த்தைதானே. மூணு மணிக்குள்ள அணைஞ்சிடும். நாலரை பஸ்ஸுல போய்க்க.”

“ஆறு மணிக்குள்ள இருக்கணும்னு சொன்னேனே.”

“ஆஸ்பத்திரியில அதெல்லாம் அப்படித்தான் சொல்லுவாங்க. போய்க் கேட்டா விட்டுடுவாங்க. ரூலைப் பாத்தா முடியுமா?”

சத்தியமாக இப்படித்தான் சொன்னார். ரூலைப் பார்த்தால் முடியுமா என்று. அவருக்கு அதில் ஒரு உறுத்தலும் இல்லை.

“இல்லைங்க” என்றேன் அதிகாரியிடம். “இது என் கையெழுத்து இல்ல.”

அவர் தூக்கம் கலைந்தது. பாரத்தையும் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். டீச்சர் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டாள். காது நன்றாகக் கேட்க வேண்டுமே.

“அப்ப இந்த அனுமதி செல்லாது. அணைங்க சார்.”

“இல்ல, ரூல்படி பொறுப்பாளர்தான் அணைக்க—”

“சார், நேத்து ராத்திரி எட்டு மணி நேரம் நெருப்புக்குள்ள நின்னுட்டு வந்திருக்கேன். அங்க யாரும் எனக்கு ரூல் படிச்சுக் காட்டல. தண்ணியைத் திறங்க.”

என் கணவர் குழாய் முனையைத் தூக்கிப் பிடித்தார். தண்ணீர் வரவில்லை. காலையில் எல்லோருக்கும் காட்டி விளக்கிய குழாய்தான். அதைத் திறப்பது எங்கே என்று அவருக்குத் தெரியாது.

“எங்க திறக்கணும்?” என்று என்னைப் பார்த்தார்.

நான் பதில் சொல்லாமல் போயிருக்க வேண்டும். “சமையலறைக்குப் பின்னாடி. இடது பக்கமாத் திருப்பணும்” என்றேன். அதோடு விட்டேனா? “சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்” என்றும் சொன்னேன். இருபத்தேழு வருடம் ஒரே நாளில் வாயைவிட்டுப் போகாது போலிருக்கிறது.

மெக்கானிக் பைக்கை எடுத்தார். “ஏறுங்கக்கா, பத்து நிமிஷத்துல விட்டுடறேன்.”

வேலியருகே வந்து அவர், “தெருவுல என் மானத்தை வாங்கிட்ட” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

“இருந்ததைத்தான் எடுத்தேன். அளந்து பாத்துக்கங்க” என்றேன்.

ஐந்தேகாலுக்கு ஆஸ்பத்திரி. கவுண்ட்டரில் ஒரு பெண் பாரத்தை நீட்டி, “படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கம்மா” என்றாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று நிதானமாகப் போட்டேன்.

அக்கா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

“என்னடி இது, சுடுகாட்டுலேருந்து வந்தவ மாதிரி நாறுற. ஆபரேஷன் நாளைக்குத்தானே?”

சொன்னேன். சிரித்தாள். சிரித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “போதும்டி, தையல் போடறதுக்கு முன்னாடியே பிரிச்சுடுவ” என்றாள்.

அப்போது போன் அடித்தது. அவர்தான்.

“சங்கத்துல விளக்கம் கேக்கறாங்க. நீ ஒரு கடிதம் கொடுத்துடு. கையெழுத்து உன்னோடதுதான், பதட்டத்துல மறந்துட்டேன்னு எழுதினாப் போதும்.” அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

“நீங்களே எழுதிக்கங்க” என்றேன். “கையெழுத்தும் நீங்களே போட்டுக்கங்க. என்னைவிட நல்லாத்தானே போடுறீங்க.”

“ம்ம்…” என்று இழுத்தார். நான் சொன்னதை அவர் ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டு பரிசீலிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. வைத்துவிட்டேன்.

“கோவமா இருப்பாரே” என்றாள் அக்கா. “திரும்பிப் போனா என்ன பண்ணுவ?”

பயமாக இருக்கிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதுதான் தெரிந்தது.

“பசிக்குதுக்கா.”

“எனக்கு இனிமே ஒண்ணும் கொடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. அந்தத் தட்டுல ரொட்டி இருக்கு பாரு, நீ தின்னு.”

காய்ந்துபோன ரொட்டி. அவள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு துண்டையும் தின்றேன்.