சாப்பிட்ட பிறகு

“பாப்பா, இதை முழுங்குனா வலி போகுமா, இல்ல போன மாதிரி இருக்குமா?”

எட்டு மாதத்துக்கு முன்னால், வெள்ளை டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே அப்பா கேட்டது. அவள் அன்றைக்குச் சிரித்தாள். ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம் என்று திருப்பிக் கேட்டாள். இன்று காலை அவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கூடத்துத் தரையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வி மறுபடியும் வந்து நின்றது.

அது அப்பா போட்ட தரை. முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டியவர், தன் வீட்டுக்கு மட்டும் வேலை முடிந்த இடங்களில் மிஞ்சியதைக் கொண்டுவந்து ஒட்டினார். ஒன்று பழுப்பு, அதன் பக்கத்தில் நீலம், அதற்கடுத்தது யாரோ ஒரு பணக்காரர் குளியலறையில் மிஞ்சிய பூப்போட்டது. நிறம்தான் சேராதே தவிர ஒரு கல்கூட ஆடாது. காலால் தட்டினால் எங்கேயும் அடியில் காலியாக இருக்கிற பொள்ளல் சத்தம் கேட்காது. அதைப் போடுவதற்கு அவர் முட்டிகளைக் கொடுத்திருந்தார். கோயிலுக்குப் போகாமலே அதிகம் மண்டி போட்டவன் நான்தான் என்று சொல்லிக்கொள்வார்.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் கணுக்கள் வீங்கிய கை.

“நீ அவரை எப்படிப் பார்த்துக்கிட்டேன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். மகனா இருந்தாக்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டான். நடக்கவே முடியாத மனுசனை நடக்க வச்சியே.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “இப்பக் கேக்கக்கூடாதுதான். அந்த டப்பா எனக்குத் தீர்ந்துபோச்சு. கடைக்குப் போனதும் ஒண்ணு எடுத்து வச்சுடு” என்றாள்.

அவள் தலையாட்டினாள். தலையாட்டிய பிறகுதான் ஏன் ஆட்டினோம் என்று தோன்றியது.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மருந்துக்கடையில் சேர்ந்த முதல் மூன்று வருடம் பின்னறையில் பெட்டி பிரித்து அடுக்குகிற வேலைதான். முன்னால் வந்து நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச வாய் வராது. மருந்துப் பெயர்கள் எல்லாம் மனப்பாடம், ஆனால் யாராவது கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சமயத்தில்தான் போரான் மாத்திரை கடைக்கு வந்தது. உடம்புக்குத் துளியூண்டு போதுமான தாதுச்சத்து, மூட்டுக்கு இதமாக இருக்கும், வீக்கம் குறைய உதவும் என்று துண்டுத்தாளில் போட்டிருந்தது. “உதவலாம்னு சொல்லு. குணமாகும்னு மட்டும் வாயைத் தொறக்காதே” என்றார் கடைக்காரர்.

அதே வாரம்தான், வலி மாத்திரையை இனிமேல் தொடக்கூடாது, வயிறு புண்ணாகியிருக்கிறது என்று அப்பாவை மருத்துவர் எச்சரித்திருந்தார். அவள் ஒரு டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

இரண்டாவது வாரம் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் வலி மாத்திரை அட்டை ஒன்று அகப்பட்டது. அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட அவளுக்குத் தெரியாது. மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்தாள். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். “எனக்கெல்லாம் அந்த மனுசன் பயந்ததே இல்ல. மகளுக்குத்தான் பயம்” என்று அம்மா கேலி செய்தாள். நாலாம் நாள் அப்பா தானாகவே வந்து, இனிமேல் தொட மாட்டேன் என்றார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, இந்தக் கூடத்தில், நீல டைல்ஸில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர், “பாப்பா, இங்க பாரு” என்று கூப்பிட்டார். கையை ஊன்றாமல் எழுந்தார். எழுந்து நின்று, சட்டையைச் சரிசெய்துகொண்டு, மேடையில் பரிசு வாங்கியவரைப்போல அவளைப் பார்த்தார்.

மறுநாள் கடையில், முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு அம்மாளிடம் அவளுக்குத் தானாகவே வாய் திறந்தது. எங்க அப்பாவுக்கு நான் இதைத்தான் குடுக்கறேன் என்று தொடங்கியவள் நிறுத்தவில்லை. கடைக்காரர் கணக்கெழுதுவதை விட்டுவிட்டுப் பார்த்தார். அந்த மாதமே அவளை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். உதவலாம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள். ஆனால் எழுந்து நின்ற அப்பாவையும் சேர்த்துச் சொன்னாள். அதற்குமேல் யாருக்கு என்ன வேண்டும்?

வெளியே படியருகில் பேச்சுக் குரல் கேட்டது. ரசமட்டம் மாமா வந்திருந்தார். அப்பாவோடு இருபது வருடம் ஒரே தரையில் மண்டி போட்டவர். வலது முட்டி வளைந்துபோய், தோள் ஒரு பக்கம் இறங்கித்தான் நடப்பார். அதனால் அப்பா வைத்த பெயர் அது. மட்டம் பார்க்கிற கருவியின் பெயரை இப்படிச் சாய்ந்து நடக்கிறவனுக்கு வைத்தால் வேலைக்காரன் எவனும் மறக்க மாட்டான் என்பார். மாமாவுக்கும் அதில் வருத்தமில்லை. அவருடைய வாய் தூங்கும்போதுதான் மூடியிருக்கும் என்று அவர் மனைவியே சொல்வாள்.

அப்பாவின் வேலைப் பையைக் கொண்டுவந்திருந்தார். முந்தாநாள், பாதி ஒட்டிய குளியலறைத் தரையில் அப்பா கவிழ்ந்தபோது அங்கேயே கிடந்த பை. அம்மா அவரைப் படியில் உட்காரச் சொன்னாள். சாமான்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே, இனி யாருக்கு என்றாள். தையல்கார அக்கா தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாமா ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, ஒரு மாடி வீட்டில் எல்லாக் கல்லையும் ஒட்டி முடித்த பிறகு தன் செருப்பு காயாத தரைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள்.

“அவர் கண்ணாடி இந்தப் பைக்குள்ளதான் இருக்கும். எடு பாப்பா” என்றாள் அம்மா.

அவள் பையைக் கூடத்துக்குள் இழுத்துவைத்துக் கை விட்டாள். ரப்பர் சுத்தியல், கரண்டி, சிமெண்டு காய்ந்த முட்டி உறை. கண்ணாடி அகப்படவில்லை. அடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி விட அவர் செருகுகிற பிளாஸ்டிக் குச்சிகளைப் போட்டுவைக்கிற டப்பா. ஆட்டினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். காகிதம் நொறுங்குகிற மாதிரிதான் கேட்டது.

திறந்தாள்.

வெள்ளி நிற மாத்திரை அட்டைகள். எல்லாம் காலி. ஒவ்வொன்றும் இரண்டாக மடித்து, ஓரத்தை நகத்தால் நீவி, ஒரு கல்லின் மேல் இன்னொரு கல் என்பதுபோல அடுக்கியிருந்தது. வீட்டுக் குப்பையில் போட முடியாது, அவள் பார்த்துவிடுவாள். வேலை செய்கிற வீட்டிலும் குப்பை போட்டுவிட்டு வருகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. 

மேலே இருந்த அட்டையைப் பிரித்தாள். பின்பக்கம் நீலப் பேனாவில் எழுதியிருந்தது: சாப்பிட்ட பிறகு. கடைசி எழுத்தின் வாலை இழுத்து நீட்டிய கையெழுத்து.

அவளுடையது.

அடுத்ததையும் பிரித்தாள். சாப்பிட்ட பிறகு. அதற்கடுத்ததிலும் அதுதான்.

சனிக்கிழமை தவறாமல் மாமா கடைக்கு வருவார். பின்னறையில் இருந்த நாளிலிருந்தே அவருக்கு மட்டும் அவள்தான் முன்னால் வந்து எடுத்துக் கொடுப்பாள். மடித்து மடித்து நைந்துபோன ஒரு பழைய மருந்துச் சீட்டு வைத்திருப்பார். அவரைத் தெரியும் என்பதால் அவள் அதை விரித்துக்கூடப் பார்க்க மாட்டாள். முதலில் வாரத்துக்கு ஓர் அட்டை வாங்கினார். பிறகு இரண்டு கேட்டார். எதுக்கு மாமா ரெண்டு என்றதற்கு, “ஒண்ணு இந்த முட்டிக்கு, ஒண்ணு அந்த முட்டிக்கு. ஒண்ணுக்குக் குடுத்தா இன்னொண்ணு கோவிச்சுக்குது பாப்பா” என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் ஒரு சொற்பொழிவும் சேர்த்துக் கொடுப்பாள். எங்க அப்பாவைப் பார்த்துக் கத்துக்குங்க, இதைத் தொடறதே இல்ல. அப்போது மட்டும் மாமா குனிந்து பையின் வாயைச் சுருட்டிக்கொண்டிருப்பார். வெறும் வயிற்றில் போட்டுவிடப் போகிறாரே என்று அவள் ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் அக்கறையாக எழுதிக் கொடுத்தாள்.

இரண்டு அட்டை எந்தச் சனிக்கிழமை தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தாள். யோசிக்க வேண்டியதே இல்லை. அப்பா கையூன்றாமல் எழுந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள்.

தினமும் காலையில் அவள் கண்ணெதிரே ஒரு தம்ளர் வெந்நீரில் போரானையும் விழுங்கினார். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

முந்தாநாள் மருத்துவமனையில், கறுப்பாக வாந்தியெடுத்த அப்பாவைத் தள்ளுகட்டிலில் வைத்துக்கொண்டு மருத்துவர் கேட்டார், “வலி மாத்திரை ஏதாவது எடுத்துக்கிறாரா?”

“இல்லங்க டாக்டர். எட்டு மாசமா ஒண்ணுகூடத் தொட்டதில்ல.”

நாக்கு ஒட்டவில்லை. கடையில் சொல்கிற அதே குரலில், ஒரு பெருமையோடு சொன்னாள். கைப்பையிலிருந்து வெள்ளை டப்பாவை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கித் திருப்பிப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். அப்பாவுக்கு நினைவு தப்பவில்லை. உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டு எதையோ சொல்ல வந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் நின்ற மாமா, “அது வந்து, பாப்பா...” என்று இழுத்தார். மாமா, நீங்க முதல்ல போய் அம்மாவைக் கூட்டிட்டு வாங்க என்று அவள்தான் அவரை அனுப்பிவைத்தாள். அவர் அம்மாவோடு திரும்பி வந்தபோது அப்பாவின் மூச்சு நின்றிருந்தது, எதையும் கேட்க ஆளில்லை.

வயிற்றுக்குள்ளே ரத்தக் கசிவு என்று பிறகு சொன்னார்கள். முன்னாலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டிருப்பாள்.

ஓர் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மாமா அடுத்த கதைக்குப் போயிருந்தார். கலவையில் உப்பைக் கொட்டிய ஒரு மேஸ்திரியின் கதை. அம்மா தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“கண்ணாடி கெடச்சுதா?” என்றாள் அம்மா.

அவள் மாமாவுக்கு எதிரே, தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அட்டையின் எழுதிய பக்கம் மேலே தெரிய, அவருடைய தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“ரெண்டாவது அட்டை யாருக்கு மாமா?”

கதை பாதியில் நின்றது. மேஸ்திரி உப்பைக் கொட்டியபடியே நின்றான். மாமா அட்டையைப் பார்த்தார். அதை எடுக்கவில்லை. தையல்கார அக்கா உள்ளேயிருந்து வந்து, இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா அண்ணே என்று கேட்டாள்.

அம்மா அட்டையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள்.

மாமா பாதித் தேநீரோடு தம்ளரைப் படியிலேயே விட்டார். சுவரில் ஒரு கை, தொடையில் ஒரு கை ஊன்றி, வளைந்த முட்டியை முதலில் நேராக்கி, பிறகு மற்றதை நேராக்கி எழுந்தார். வெகுநேரம் பிடித்தது. அவள் கை கொடுக்கப் போனாள். பாதியில் கையை இழுத்துக்கொண்டாள்.

ஒற்றைக் காலில் நின்று செருப்பு மாட்ட அவரால் ஆகாது. எப்போதும் யார் தோளையாவது பிடித்துக்கொண்டு, அதற்கும் ஒரு வேடிக்கை பேசித்தான் மாட்டுவார். இன்று குனிந்து இரண்டு செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டார். வெயில் காய்ந்த தெருவில் வெறுங்காலோடு இறங்கி, ஒரு தோள் தாழ, சுவரோரமாக நடந்து போனார்.