பாலத்திலிருந்து குதித்தவர்

தற்கொலை செய்துகொண்ட மனிதரை ஜன்னலோரம் உட்கார வைத்து, கையில் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்தேன். என் அப்பா. வயது தொண்ணூற்றொன்று. ஊரைச் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் இருவருக்கும் டிக்கெட் எடுத்திருந்தேன்.

முன்பு என்னோடு வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி போன வாரம் வீட்டுக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பா இப்படியா போய்ச் சேர்ந்தாரு? ஒரு வார்த்தை சொல்லலையே" என்று கண்கலங்கினாள். அப்பா அடுத்த அறையில் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். இந்த பஸ்ஸில் வரும் கைடு அப்படித்தான் சொல்கிறானாம். ஆற்றுப் பாலத்தைக் கட்டிய இன்ஜினியர், கணக்கில் தப்பு செய்த அவமானம் தாங்காமல் அதே பாலத்திலிருந்து குதித்துவிட்டாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாலம் திறந்த மூன்றாம் மாதம், தன் தப்பைத் தானே கண்டுபிடித்து, மேலதிகாரி முன்னால் போய் நின்று, "பாலத்தை மூடுங்க" என்று சொன்னவர் அப்பா. எட்டு மாதம் ஊரே படகில் போய்க்கொண்டு அவரைத் திட்டித் தீர்த்தது. வரவேண்டிய பதவி உயர்வும் வரவில்லை. நான் முப்பது வருஷம் கணக்கு டீச்சர். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லித்தான் பாடத்தையே ஆரம்பிப்பேன். அப்பேர்ப்பட்டவரைக் கோழை என்றால் சும்மா விடுவேனா? கைடை நாலு பேர் எதிரில் நார் நாராகக் கிழித்துவிடுவது என்றுதான் கிளம்பியிருந்தேன்.

பஸ் பாலத்தின் நடுவில் ஊர்ந்தது. கைடு மைக்கைப் பிடித்தான். நல்ல குரல் பாவிக்கு.

"தன் தப்பைத் தானே கண்டுபிடிச்சாரு அந்த மனுஷன். அதிகாரிங்ககிட்ட சொல்லி பாலத்தை மூட வெச்சாரு. அன்னிக்கே இங்க வந்தாரு. இதோ, இந்தத் தூண் பக்கம்தான்..."

முன் வரிசையில் ஓர் அம்மாள் மூக்கை உறிஞ்சினாள். நான் எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, தன் கையைத் தூக்கினார்.

"தம்பி, ஒரு திருத்தம். இந்தப் பாலத்தைக் கட்டின ஆபீஸ்லதான் நான் வேலை பார்த்தேன்."

"அப்படியா ஐயா! அவரைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். நீங்க சொல்ற அளவுக்குப் பெரிய ஆளில்ல."

பஸ்ஸே சிரித்தது. "நான்தான் அவர்" என்று அப்பா இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன்.

"தப்பைக் கண்டுபிடிச்சது அவர் இல்ல. வரைபடத்தை நகலெடுக்க ஒரு பொண்ணு இருந்தா. பாலம் திறந்தப்புறம், பீரோவுல வைக்கிறதுக்காக ஒவ்வொரு தாளா மறுபடி வரைஞ்சிட்டிருந்தா. மத்த தூண்ல எல்லாம் இருபத்திநாலு ரிவெட் ஆணி, இதுல மட்டும் பன்னெண்டு. ஏன் சார்னு வந்து கேட்டா. உன் வேலை கோடு போடறது, அதைப் பாருன்னு இவர் விரட்டிவிட்டாரு. அவ விடலை. மூணு நாள் அதே தாளைக் கொண்டுவந்து மேஜையில வெச்சா. மூணாம் நாள்தான் இவர் கணக்கை எடுத்துப் பார்த்தாரு."

கைடு நோட்டை எடுத்தான். "அந்தப் பொண்ணு பேரு ஞாபகம் இருக்கா ஐயா?"

அப்பா என் அம்மாவின் பெயரைச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்பிருந்த இனிஷியலோடு, நிறுத்தி நிதானமாக.

"அவர் குதிச்சது நிஜம்தானே ஐயா?" என்று கைடு கொஞ்சம் பயத்தோடு கேட்டான்.

"அது தெரியாது தம்பி. அன்னிக்கு நான் லீவு."

பஸ் அக்கரை சேர்ந்ததும் மெல்லக் கேட்டேன். "என்கிட்டகூட ஏம்பா சொல்லலை?"

"அவதான் சொல்லக் கூடாதுன்னா. நகலெடுக்கிறவ கணக்குல மூக்கை நுழைச்சது தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிருப்பாங்க. அப்புறம் கல்யாணம் ஆச்சு, நீ பொறந்தே. பெரியவளாகி கிளாஸ்ல என்னைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சே." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கேக்க நல்லா இருந்துச்சும்மா."

நல்லா இருந்ததாம்! அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. அவள் இருந்தவரை வீட்டுக்கு யார் வந்தாலும் நான் இந்தக் கதையைச் சொல்வேன், அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். "எங்கம்மாவுக்குக் கணக்குன்னாலே காத தூரம்" என்று ஒருமுறை விருந்தாளிகள் எதிரில் கேலி செய்தேன். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். அப்பாமேல் கோபம் வந்தது. என்மேல் அதைவிட அதிகமாக வந்தது.

பஸ் கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நான் கைடிடம் போய் நோட்டைக் காட்டச் சொன்னேன். பெயரைச் சரியாகத்தான் எழுதியிருந்தான். அடுத்த சுற்றுக்கும் இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

"மறுபடி எதுக்கும்மா?" என்றார் அப்பா.

"அம்மா பேரை மைக்ல கேக்கணும்ப்பா."