கையில் ஏறாத காப்பு

மில் சங்கு ஊதி முடிந்தும் ஞானமேரியின் கையில் காப்பு ஏறவில்லை. வரிசையில் பின்னால் நின்ற பாவாயி கொடுத்த சோப்பைக் குழைத்துத் தடவிப் பார்த்தாள். பெருவிரல் மூட்டிலேயே அது நின்றுவிட்டது.

அந்த நூல்மில்லில் ஆண்களுக்குச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் நம்பர் வில்லை. பெண்களுக்கு நம்பர் அடித்த பித்தளைக் காப்பு. வாசல் பலகையிலிருந்து எடுத்து மாட்டினால்தான் உள்ளே போகலாம். பொம்பளைகள் வில்லையைத் தொலைத்துவிடுவார்களாம்! போன மாதம் ஒரே நாளில் எல்லார் கையையும் அளந்தார்கள். அன்று ஞானமேரிக்கு விலக்கு முடிந்து கை வற்றியிருந்தது. இப்போது அடுத்தது வரவேண்டிய நேரம். விரல், முகம், பாதம் எல்லாம் நீர் கோத்துக் கிடந்தன.

டைம்கீப்பர் வெங்கடாசலம் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தன மாசம்?"

"மாசமெல்லாம் இல்லீங்க."

"மூஞ்சே சொல்லுதே. ஊட்டுக்குப் போ. நாளைக்கும் காப்பு ஏறலைன்னா நம்பர வேற ஆளுக்குக் குடுத்துருவேன்."

பேறுகாலக் கூலி கொடுக்க மனமில்லாத மில் அது. சந்தேகம் வந்தாலே ஆளை நிறுத்திவிடும். ஞானமேரியின் புருஷன் கஸ்பார் லாரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்திருந்தான். அவள் வேலை போனால் அந்த வீட்டில் உலை கொதிக்காது.

மறுநாளும் வீக்கம் வடியவில்லை. காப்பை எடுத்துக்கொண்டு நேரே வெங்கடாசலத்தின் முன்னால் போய் நின்றாள். ஆண்கள் வரிசையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னும் நான் ஊட்டுக்குத் தூரமாகலீங்க. மாசாமாசம் அதுக்கு முந்தி எனக்குக் கையுங்காலும் நீர் கோத்துக்கும். தூரமாயிட்டா ரெண்டு மூணு நாள்ல தானா வடிஞ்சிரும்."

ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெங்கடாசலத்தின் காது சிவந்தது.

"கருமம், கருமம்! ஆம்பளைங்க மத்தியில பேசற பேச்சா இது?"

"மாசம் எத்தனைன்னு ஆம்பளைங்க மத்தியிலதானுங்க கேட்டீங்க? உங்கூட்டுப் பொம்பளைங்களுக்கெல்லாம் வீங்காதுங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஞானமேரி காப்பை முந்தானை நுனியில் வைத்து இறுக்கி முடிந்தாள்.

"நம்பர் எங்கிட்டத்தான் இருக்குது. வழிய உடுங்க."

"கையில போட்டாத்தான் உள்ள!"

"எனக்குங்கூட அந்த நாள்ல மெட்டி கடிக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே பாவாயி தன் காப்பைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள். அவளுக்குப் பின்னால் செல்லியம்மாள். அப்புறம் பெண்கள் வரிசை முழுக்கக் காப்பு கழன்றது. உள்ளே நூல் நூற்கும் ராட்டைகள் ஆளில்லாமல் நின்றன. மேனேஜர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "அங்க என்னய்யா தகராறு? ராட்டை நிக்குது, உள்ள அனுப்பு!" என்று கத்தினார்.

ஞானமேரி முதல் ஆளாக நுழைந்தாள். வெங்கடாசலத்தைத் தாண்டும்போது முந்தானையை வேண்டுமென்றே ஒரு உதறு உதறிப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை.

அந்த வாரக் கடைசியில் தூரமானாள். ஓயாமல் சிறுநீர் பிரிந்தது. மூன்றாம் நாள் கையில் போட்ட காப்பு முழங்கைவரை தடையில்லாமல் ஓடியது. வாசலில் வெங்கடாசலத்தின் கண்ணெதிரே கையை உயர்த்தி அதைக் குலுக்கிக் காட்டினாள். அவர் வேறெங்கோ பார்த்தார்.

அடுத்த மாதமும் வீங்கியது. காப்பை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள், யாரும் மறிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் பாதம் கனத்துவிட்டது. குனிந்து விரலால் அழுத்தினாள். விழுந்த குழி மேடேறவில்லை. வேலை முடியும் சங்கு ஊத இன்னும் அரை நாள் இருந்தது. அந்தக் கூடத்தில் இருந்தது ஒரே ஒரு முக்காலி. அதன் மேல் வெங்கடாசலத்தின் சாப்பாட்டுத் தூக்குப்போசி உட்கார்ந்திருந்தது. ஞானமேரி காலை மாற்றி ஊன்றிக்கொண்டு அறுந்த இழையை முடிந்தாள்.